மலையகத்தில் அச்செழுத்து – 6: கொழும்பிலிருந்து மலையேறிய பத்திரிகை

நானுஓயாவில் பெரிய கோச்சியை விட்டு இறங்கினால் அங்கே இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்னக் கோச்சி நிற்கும். நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் என்று ஏறி இறங்கி இராகலையில் போய் முடியும். 1904இல் இராகலையைத் தொட்ட அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவை இரும்புப்பாதை என்று பெயர் வைத்தார்களே தவிர, அது உடப்புசல்லாவை வரைக்கும் வந்து சேரவே இல்லை. எங்கள் பக்கத்து மக்கள் இராகலையிலிருந்து நடந்தார்கள், அல்லது மாட்டு வண்டியில் வந்தார்கள். தேயிலைப் பெட்டி கீழே போகவும் அரிசி மூட்டை மேலே வரவும் போடப்பட்ட பாதை அது. கூடவே துரைமாரின் தபாலும் கொழும்புப் பத்திரிகைகளும் வந்தன.

அந்தப் பத்திரிகைகளில் என்ன இருந்தது என்பதிலிருந்து இந்த அத்தியாயத்தைத் தொடங்க வேண்டும். 'ஒப்சேவர்' 1834இல் தொடங்கியது. பிறகு பேர்குசன் குடும்பத்தின் கைக்கு வந்து, தோட்டக்காரர்களின் குரலாகவே நெடுங்காலம் நடந்தது. 'டைம்ஸ் ஒவ் சிலோன்' 1846இலிருந்து வந்தது. இலண்டன் ஏலத்தில் தேயிலை என்ன விலை போனது, எந்தத் தோட்டம் கைமாறியது, தென்னிந்தியாவிலிருந்து ஆள் வரத்து எப்படி இருக்கிறது என்றெல்லாம் அவற்றில் விவரமாக வரும். ஆள் வரத்து என்றால் எங்கள் பாட்டன் பாட்டிமார்தான். அவர்கள் அந்தப் பக்கங்களில் தொகையாக வந்தார்கள், பற்றாக்குறையாக வந்தார்கள், செலவுக் கணக்காக வந்தார்கள். பேசுகிற மனிதர்களாக வரவில்லை.

முன்பு ஒரு அத்தியாயத்தில் 1869இல் அச்சான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யைப் பார்த்தோம். தோட்டத்தைப் பற்றித் தமிழில் அச்சான முன்னோடி நூல்களில் அது ஒன்று. அதற்குப் பிறகு தோட்டத்துக்கென்று அச்சேறிய தமிழில் பெரும்பகுதி, துரைமார் தொழிலாளிக்குக் கட்டளையிடக் கற்றுக்கொள்வதற்கான கையேடுகள்தாம். 'இங்கே வா' என்பதே அவற்றில் ஒன்றின் பெயர். 1921ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் 6 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் அவர்கள் பக்கம் நின்று எழுத ஒரு பத்திரிகை இல்லை.

அந்தக் குறையை நிரப்பியவர் தஞ்சாவூர்க்காரர், கோ. நடேசய்யர்.

அவரைத் தொழிற்சங்கத் தலைவர் என்றுதான் மலையகம் நினைவு வைத்திருக்கிறது. மலையகத்தின் முதல் தொழிற்சங்கத்தைக் கட்டியவர் என்று பாடப்புத்தகத்திலும் படிக்கிறோம். அது சரியே. ஆனால் அவர் வாழ்க்கையை வருடவாரியாக அடுக்கிப் பார்த்தால், பத்திரிகை முதலில் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது. தஞ்சாவூரில் இருந்தபோதே 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். வணிகவியல் கற்பித்தார், வியாபாரம், கணக்கெழுதுதல் பற்றித் தமிழில் புத்தகங்கள் எழுதினார். முதல் உலகப் போரின் காலத்தில் கொழும்புக்கு வந்ததும் அந்தப் பத்திரிகையின் வேலையாகத்தான். கொழும்பில் கடை வைத்திருந்த தமிழ் வியாபாரிகள் அவருடைய வாசகர்கள். அவர்களிடம் சந்தா சேர்க்க வந்தவர், மலைநாட்டில் என்ன நடக்கிறது என்று கேள்விப்பட்டார். கேள்விப்பட்டதை நேரில் பார்க்காமல் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

நேரில் பார்ப்பது அன்று இலேசான காரியமில்லை. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம், பொலிசில் ஒப்படைக்கலாம். உறவுக்காரர் வந்தால்கூடக் கங்காணியிடம் சொல்லியாக வேண்டும். புடவை வியாபாரிக்கு மட்டும் ஓரளவு வழி விட்டார்கள். நடேசய்யர் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு வியாபாரியாக லயங்களுக்குள் போனார். காம்பராக்களின் வாசலில் மூட்டையை அவிழ்த்து வைத்து, சேலை விலை பேசிக்கொண்டே கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, பிரட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தார். கண்டதையெல்லாம் சிறு நூலாக எழுதி அச்சிட்டார்.

செய்தி சேகரிப்பதற்கு இவ்வளவு தூரம் இறங்கிப்போன தமிழ்ப் பத்திரிகையாளர் அந்தக் காலத்தில் வேறு யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சென்னையிலே 1917இல் திரு.வி.க. 'தேசபக்தன்' நடத்தினார். மறு ஆண்டு பின்னி ஆலைத் தொழிலாளரைச் சேர்த்துச் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தபோது அவர் அதன் முன்னணியில் நின்றார். எழுத்தாளன் தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்த காலம் அது. ஆனால் ஆலைத் தொழிலாளி மாலையில் வீட்டுக்குப் போகிறவன். வாசலில் நின்று பேசலாம், கடற்கரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். தோட்டத் தொழிலாளியின் வீடு, வேலை, கோவில், சுடுகாடு எல்லாமே துரையின் எல்லைக்குள் இருந்தன. அந்த எல்லையைத் தாண்டுவதற்கே நடேசய்யர் மூட்டை சுமக்க வேண்டியிருந்தது.

அவர் உள்ளே போய்ப் பார்த்தவற்றில் முக்கியமானது துண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், இவனுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டுத்தான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கட்டிய பணம் பெரிய கங்காணியின் கணக்கிலும், அவன் வழியாகத் தொழிலாளியின் தலையிலும் ஏறும். ஆள் நடந்து போகிறான், கடன் கூடவே நடந்து வருகிறது. எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் தொகை சரியா என்று பார்க்கவும் வழியில்லை. 1921இல் சட்டம் இந்த முறையை ஒழித்தது. தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறையில் போடும் வழக்கமும் அதோடு எடுபட்டது. சட்டம் மாறிய செய்தி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அதனால் பயன்? அதைச் சொல்ல வேண்டிய கங்காணியின் வருமானமே அதனால் குறைந்தது. அவன் ஏன் சொல்லப்போகிறான்?

அதே 1921இல்தான் கொழும்பில் 'தேசநேசன்' வெளிவந்தது. நடேசய்யர் ஆசிரியர். டொக்டர் ஈ.வி. ரட்ணத்தின் துணை அவருக்கு இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1924 செப்டெம்பரில், 'தேசபக்தன்' தொடங்கினார். அந்தப் பெயர்தான் பிறகு அவருக்கே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. கங்காணி முறையையும் தோட்டத்துரைமாரின் அதிகாரத்தையும் தமிழில் பெயர் சொல்லித் தாக்கிய பத்திரிகை அது. கூலிக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று விடாமல் கேட்டது. 1923இலிருந்து கண்டியில் உட்கார்ந்திருந்த இந்திய அரசின் ஏஜென்டையும் அது சும்மா விடவில்லை.

இந்தப் பத்திரிகை தோட்டத்துக்குள் எப்படிப் போனது என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தோட்டத்துத் தபால் பை முதலில் துரையின் மேசைக்குத்தான் போகும். அங்கே பிரித்துப் பார்த்துத்தான் கீழே அனுப்புவார்கள். அந்த வழியாக நடேசய்யரின் தாள் லயத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது. டவுனில் கடை வைத்திருந்தவர்கள்தாம் வழி. சம்பளத்துக்கு மறுநாள் சாமான் வாங்க வருகிறவர்கள் கடைத்திண்ணையில் கேட்டுவிட்டுப் போகலாம். மடித்து அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டும் போகலாம். 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தோட்டங்களில் பள்ளிக்கூடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தன. லயத்துக்கு ஒருவன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். நடேசய்யரின் தமிழும் அதற்கு ஏற்றதாக இருந்தது. கண்ணால் படிப்பவனை விடக் காதால் கேட்பவனை நினைத்து எழுதிய தமிழ். வாக்கியங்கள் குறுகியவை, கேள்விகள் நிறைய. எதிரே நிற்பவனை நீ என்று கூப்பிடும். 1931இல் அவர் எழுதிய சிறுநூலின் பெயரே 'நீ மயங்குவதேன்?' என்பதுதான்.

கொழும்பில் அவருடைய வேலை பத்திரிகையோடு நிற்கவில்லை. ஏ.ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் உபதலைவராக உயர்ந்தார். நகரத்தின் துறைமுகத்திலும் மில்லிலும் சிங்களத் தொழிலாளியும் மலையாளியும் தமிழனும் ஒன்றாக நின்ற வருடங்கள் அவை. 1925இல் சட்டநிரூபண சபைக்கு நடந்த இடைத்தேர்தலில் இந்தியர் தொகுதியிலிருந்து தெரிவானார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்று வாக்குரிமை சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ளவர்களுக்கே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை. ஆக நடேசய்யரைச் சபைக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளும் உத்தியோகத்தரும். சபையில் அவர் பேசியதோ தமக்கு வாக்களிக்க முடியாதவர்களுக்காக. அடுத்த தேர்தலை நினைக்கிற அரசியல்வாதி இப்படிச் செய்யமாட்டான். தலையங்கம் எழுதிப் பழகியவர் அந்தப் பழக்கத்தோடேயே சபைக்குப் போனார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்று பிறகு நிர்ணயமானது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கொழுந்து பறித்துத் தேயிலைக்கு உயிர் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதை நினைத்தால், அந்த வித்தியாசம் இன்றைக்கும் மனதைச் சுடுகிறது.

குணசிங்காவோடு உறவு 1928இல் முறிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் ஏற ஏற, குணசிங்காவின் பேச்சு இந்தியர்களுக்கு எதிராகத் திரும்பியது. நேற்றுவரை ஒரே மேடையில் நின்றவர்கள் தத்தம் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் பெரிய நஷ்டம் இது என்பது என் துணிபு. நகரத்துச் சிங்களத் தொழிலாளியும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் சேர்ந்து நின்றிருந்தால் 1948 வேறு மாதிரி விடிந்திருக்கும்.

நடேசய்யர் மலையேறி ஹட்டனுக்கு வந்தார். 1931 ஜனவரி 13ஆம் திகதி அங்கே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கங்களை அங்கீகரிக்கும் சட்டம் இலங்கையில் 1935இல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே, சட்டத்தின் பாதுகாப்பு எதுவுமில்லாமல் இந்தச் சங்கம் பிறந்தது. பிறந்த நேரமும் கொடியது. உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்து, கூலி வெட்டப்பட்டு, ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாததால் டவுன்களில் போட்டார். போன தொழிலாளியின் பெயரைக் குறித்துக்கொள்ளக் கங்காணியின் ஆட்கள் நின்றார்கள், பேச்சைக் குறித்துக்கொள்ளப் பொலிசார் நின்றார்கள்.

கூட்டத்துக்குக் கூட்டம் சேர்த்தது பேச்சு மட்டுமல்ல. அவருடைய மனைவி மீனாட்சியம்மை மேடையேறிப் பாடினார். பாரதியின் பாடல்களையும், தொழிலாளர் நிலைமை பற்றித் தாமே நாட்டார் மெட்டில் கட்டிய பாடல்களையும் பாடினார். 'தேசபக்தன்' பத்திரிகை வேலையிலும் அவர் பங்கு பெரியது. டொனமூர் ஆணைக்குழு வாக்குரிமை பற்றி விசாரித்த காலத்தில், பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அதில் எழுதினார். 1940இல் அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாக வந்தன. ஒரு பெண் ஆயிரம் பேர் முன்னால் நின்று அரசியல் பாடுவதை அன்றைய மலைநாடு அதற்கு முன் கண்டதில்லை. நடேசய்யரைப் பற்றி எழுதுகிறவர்கள் மீனாட்சியம்மையை ஒரு பத்தியில் முடித்துவிடுவது நியாயமில்லை. அவருக்கென்று தனி அத்தியாயம் இந்தத் தொடரில் வரும்.

நூலாசிரியர் நடேசய்யரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் எழுதியவற்றின் அகலம் வியப்பூட்டுவது. பாரனஸ் ஓர்க்ஸியின் துப்பறியும் கதைகளை 1924இல் 'மூலையில் குந்திய முதியோன்' என்று தமிழாக்கினார். தமிழில் துப்பறியும் கதை இளமையாக இருந்த காலம் அது. 'கதிர்காமம்' பற்றி ஒரு நூல் எழுதினார். தொழிலாளருக்குத் தைரியமூட்ட 'வெற்றியுனதே' எழுதினார். தோட்டத்துரைமாரின் ஆட்சியைப் பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார். தொழிலாளர் படும் பாட்டை 'இந்தியத் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்று நாடகமாக்கினார். அவருடைய 'திரு. இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற கதையை மலையகத்தின் முதல் சிறுகதை என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அவர் தொடங்கிய பத்திரிகைகளோ பல: 'சிட்டிசன்', 'போர்வேர்ட்', 'தோட்டத் தொழிலாளி', 'உரிமைப் போர்', 'வீரன்'. ஒன்று நின்றால் இன்னொன்று. பணமில்லாமல் நின்றது பாதி, நெருக்கடியால் நின்றது பாதி. அச்சுக் கூலிக்கு அலைந்த மனிதர் அடுத்த பத்திரிகைக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் தமிழ்ப் பத்திரிகை உலகமும் மாறியது. 1930 ஆகஸ்ட் 6இல் ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். 1932இல் 'தினகரன்' வந்தது. முதலும் அச்சுக்கூடமும் நிருபர்களும் உள்ள நாளிதழ்கள் இவை. தனி மனிதர் தம் கைக்காசில் நடத்தும் தாள் இவற்றோடு போட்டியிட முடியாது. ஆனால் மலைநாட்டுச் செய்திக்கு இந்த நாளிதழ்கள் இடம் ஒதுக்கின என்றால், அங்கே ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது என்று முன்னமே காட்டியவர் நடேசய்யர்.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். இந்த முறை வாக்களித்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பதினோரு வருடம் அவர் அந்தச் சபையில் இருந்தார்.

ஆனாலும் கால் பதித்த இடம் நழுவியது. 1939இல் நேரு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. மறு ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். மலைநாடு கொந்தளித்தது. கொந்தளித்தவர்கள் போய்ச் சேர்ந்தது காங்கிரசின் தொழிற்சங்கத்திலும் சமசமாஜிகளிடமும். தோட்டம் தோட்டமாகக் கமிட்டி அமைத்து, தலைவர் வைத்து, சந்தா வாங்கும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. நடேசய்யரின் சங்கமோ கடைசிவரை நடேசய்யரையே சுற்றி நின்றது. எழுதுவதும் பேசுவதும் வழக்குப் பார்ப்பதும் அவர்தான். பத்திரிகைக்கு ஒரு ஆசிரியர் போதும். சங்கத்துக்குத் தோட்டத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அவரிடம் கேட்டு விழித்தவர்கள் வேறு கொடியின் கீழ் அணிவகுத்தார்கள். அவருடைய தோல்விக்கு வேறு காரணங்களும் சொல்லுகிறார்கள். எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது.

1947 பொதுத்தேர்தலில் மஸ்கெலியாவில் நின்று தோற்றார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. அதே வருடம் செல்வநாயகத்தின் முயற்சியில் கொழும்பில் 'சுதந்திரன்' தொடங்கியபோது, ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் நடேசய்யர். அரசியல் கைவிட்ட பிறகும் பழைய தொழில் அவரைக் கைவிடவில்லை. நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அடுத்த வருடம், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதே வருடத்தில் இராகலைச் சின்னக் கோச்சியும் நின்றுபோனது.

பிறகு நாற்பது ஆண்டுகள் அவர் பெயர் மங்கிக் கிடந்தது. புத்தகங்கள் கிடைக்கவில்லை, பத்திரிகைகளின் பிரதிகள் லயத்து ஈரத்திலும் கறையானிலும் போயின. அவரைத் தோண்டியெடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த எழுத்தாளர் சாரல்நாடன். கொழும்புச் சுவடிகள் நிலையத்தில் மிஞ்சியிருந்த தாள்களைத் தேடிப் படித்து, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலை எழுதினார். அதோடு விடாமல் பத்து ஆண்டு கழித்து 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்று இன்னொரு நூலும் எழுதினார். இந்த அத்தியாயத்தில் உள்ள பெரும்பாலான செய்திகளை நாம் இன்று பேச முடிவதே அந்த உழைப்பால்தான்.

சாரல்நாடன் நூல் எழுதிய இன்னொருவர் உண்டு: வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதி, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வாரம் அவரிடம் போவோம்.